தடையே துணையாகும் விந்தை

மின்சாரம் பாயும்போது கம்பி சூடாவது ஏன்? உலோகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை தத்தம் இடத்தில் ஓயாமல் அதிர்கின்றன. இவ்வதிர்வின் மிகச் சிறிய அலகை ‘ஃபோனான்’ என்பர். அணுக்களிடையே ஓடும் எலக்ட்ரான்கள் இவ்வதிர்வுகளால் தடுமாறி ஆற்றலை இழக்கின்றன. அந்த ஆற்றலே வெப்பமாகிறது. மின்தடைக்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

1911ஆம் ஆண்டு, நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் கமர்லிங் ஓனஸ் என்ற அறிவியலாளர் பாதரசத்தை ஏறத்தாழ −269 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தார். அதன் மின்தடை திடீரென மறைந்தது! இந்நிலையே ‘மீக்கடத்துதிறன்’ எனப்படுகிறது.

இதற்கான விளக்கத்தை 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் அளித்தனர். ஓர் எலக்ட்ரான் செல்லும்போது சுற்றியுள்ள அணுக்களைச் சற்றே தன்பால் இழுக்கிறது. அணுக்கள் நெருங்கிய அவ்விடத்தை நோக்கி மற்றோர் எலக்ட்ரான் ஈர்க்கப்படுகிறது. இவ்வாறு இணைசேரும் எலக்ட்ரான்கள் தடையின்றிப் பாய்கின்றன. தடுத்த அதிர்வே இணைக்கும் பாலமாகிறது.

செம்பு சிறந்த மின்கடத்தி. அதில் எலக்ட்ரானுக்கும் அதிர்வுக்கும் உள்ள பிணைப்பு வலுவற்றது. ஆகவே, அது மீக்கடத்தியாக மாறியதாக இதுவரை கண்டறியப்படவில்லை. ஈயமோ செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். ஆயினும், அப்பிணைப்பு வலுவாக இருப்பதால் −266 பாகையில் அது மீக்கடத்தியாகிறது.

இப்பிணைப்பின் வலிமையை எது முடிவு செய்கிறது? திடப்பொருளில் எலக்ட்ரான்கள் ‘ஆற்றல் பட்டைகள்’ எனப்படும் குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்க முடியும். எலக்ட்ரான் அலையாகவும் பரவுகிறது. ஒரே பட்டைக்குள், எலக்ட்ரானின் இயக்கம் மாறும்போது அந்த அலையின் அமைப்பும் மாறுகிறது. இம்மாற்றத்தின் அளவையே ‘பட்டையின் வடிவியல்’ விளக்குகிறது.

மெக்னீசியம் டைபோரைடு இதற்குச் சிறந்த சான்று. இதில் போரான் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல் அமைந்துள்ளன. எலக்ட்ரான் அலைகள் அருகருகே உள்ள போரான் அணுக்களைப் பாலம்போல் இணைக்கின்றன. அணுக்கள் அதிரும்போது அப்பாலங்களும் நீண்டு சுருங்குகின்றன. எனவே, பிணைப்பு வலுப்பெறுகிறது. இப்பொருள் −234 பாகையிலேயே மீக்கடத்தியாவது 2001இல் தெரியவந்தது. அதன் பிணைப்பில் பட்டை வடிவியலுக்குப் பெரும்பங்கு உண்டு என 2024இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருத்துவமனைகளில் உள்ள பெரும்பாலான எம்.ஆர்.ஐ. கருவிகளின் மீக்கடத்திக் காந்தங்களைக் குளிர்விக்க விலைமிகுந்த திரவ ஹீலியம் தேவைப்படுகிறது. அவ்வளவு குளிர் தேவைப்படாத மீக்கடத்திகள் கிடைத்தால் இச்செலவு குறையும். அவற்றை எங்கே தேடுவது என்பதற்குப் பட்டைகளின் வடிவியல் நல்லதொரு வழிகாட்டியாக அமையலாம்.