எலுமிச்சை இல்லாத சமையலறை

நார்டிக் டேஸ்டிங் மெனு என்று பேச்செடுத்தாலே எறும்பில்தான் வந்து நிற்கும். "உயிரோட எறும்பைப் போட்டுத் தர்றாங்களாமே, அதுக்கு நாற்பதாயிரம் ரூபாயா?" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். ஆனால் எறும்பை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துப் பார்த்தால் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். அந்தத் தட்டில் எறும்பு என்ன வேலை செய்கிறது என்று புரிய, முதலில் எலுமிச்சையைப் பற்றிப் பேசணும்.

2003-ல் ரெனே ரெட்ஸெபியும் க்ளவுஸ் மேயரும் கோபன்ஹேகன் துறைமுகப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் நோமா என்ற உணவகத்தைத் தொடங்கினார்கள். நார்டிக் என்பதற்கும் உணவு என்பதற்கும் டேனிஷ் மொழியில் உள்ள சொற்களின் முதல் எழுத்துகளை ஒட்டினால் வருவதுதான் அந்தப் பெயர். அதுவரை அந்த ஊரில் பெரிய உணவகம் என்றால் பிரெஞ்சுச் சமையல், இல்லாவிட்டால் இத்தாலியச் சமையல். உள்ளூர்ச் சரக்கை மட்டும் வைத்து உயர்தரச் சாப்பாடு என்றதும் சக சமையல்காரர்களே கேலி செய்தார்கள். அடுத்த வருஷம், 2004-ல், 12 சமையல்காரர்கள் சேர்ந்து 10 அம்சங்கள் கொண்ட ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பருவத்துக்கு ஏற்ற சமையல், அந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் உரிய பொருட்கள், விலங்குகளின் நலம் என்று போகும் அந்த அறிக்கையில், வெளிநாட்டு யோசனைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஓர் அம்சம் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. இது அந்நியப் பொருள் பகிஷ்காரம் இல்லை. ஆலிவ் எண்ணெய் கிடையாது, கறுப்பு ஆலிவ் கிடையாது, வெயிலில் காய்ந்த தக்காளி கிடையாது என்பதெல்லாம் நோமா தன் மேல் தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

எலுமிச்சையும் அந்த ஊரில் விளைவதில்லை. இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மீன், வெண்ணெய், க்ரீம், பன்றிக்கறி. குளிர்நாட்டுச் சாப்பாட்டில் கொழுப்பு அதிகம். அதை நாக்கில் இருந்து வெட்டிவிடப் புளிப்பு வேண்டும். நமக்குப் புளி மாதிரி, ஐரோப்பியச் சமையலுக்கு எலுமிச்சையும் வைனும். இரண்டையும் எடுத்துவிட்டால்? காட்டிலும் கடற்கரையிலும் தேடத்தான் வேண்டும். தேடினால் ஒன்று இல்லை, பல புளிப்புகள் கிடைத்தன. வேதியியலாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். சீ பக்தார்ன் என்ற ஆரஞ்சு நிறக் காயில் முக்கியமாக மாலிக் அமிலம் (லடாக்கில் 'லே பெர்ரி' என்று ஜூஸ் விற்கிறார்களே, அதே செடிதான்). லிங்கன்பெர்ரியில் பென்சாயிக் அமிலமும் இருப்பதால், அது பல மாதம் தானாகவே கெடாமல் இருக்கும். காட்டுக் கீரைகளில் ஆக்ஸாலிக் அமிலம். ஊறவைத்துப் புளிக்கவைத்தால் லாக்டிக் அமிலம். சிவப்புக் காட்டு எறும்பில் ஃபார்மிக் அமிலம்.

ஆக, எறும்பு அந்தத் தட்டில் எலுமிச்சைத் துளியின் வேலையைச் செய்கிறது. 2012-ல் நோமா லண்டனில் சில நாட்கள் கடை போட்டபோது முட்டைக்கோஸ் இலை மேல் உயிருள்ள எறும்புகளை வைத்துக் கொடுத்தார்கள், உலகம் முழுக்கச் செய்தியானது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது செய்தியே இல்லை. அவர்கள் மரத்துச் செவ்வெறும்பை அரைத்துச் செய்யும் 'காய் சட்னி'க்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. எறும்பு இனம் வேறு, புளிப்புக்குக் காரணம் ஒன்றுதான்.

வேலை விஷயமாக ஒருமுறை கோபன்ஹேகன் போனபோது, இந்த வகையில் இதைவிடப் பல மடங்கு சின்ன உணவகம் ஒன்றில் சாப்பிட்டேன். ஏழாவதோ எட்டாவதோ தட்டில், குளிர்ந்த க்ரீம் மேல் மூன்று பிரிவாக, இதய வடிவத்தில் குட்டிக் குட்டி இலைகள். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, நம்ம புளியாரை! (சரியாகச் சொன்னால் அதன் ஐரோப்பியச் சகோதரி, அதே ஆக்ஸாலிஸ் பேரினம்.) வீட்டுத் தொட்டியில் களை என்று பிடுங்கிப் போடுவதை, அங்கே இடுக்கியால் ஒவ்வோர் இலையாக அடுக்கிக்கொண்டு இருந்தார்கள். திறந்த சமையலறை, நன்றாகவே பார்க்க முடிந்தது. மூன்று மணி நேரம் அந்தப் பையன்கள் நிமிரவே இல்லை.

டேஸ்டிங் மெனு ஏன் இந்தச் சமையலோடு இப்படி ஒட்டிக்கொண்டது என்பதும் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. பதினைந்து, இருபது சின்னத் தட்டுகள், எல்லாருக்கும் ஒன்றே, நமக்குத் தேர்வு கிடையாது, பணமும் பெரும்பாலும் முன்கூட்டியே. இதை ஆடம்பரச் சடங்கு என்று நினைப்போம். உண்மையில் இது ஒரு ஷெட்யூலிங் பிரச்சனைக்கான விடை. காலையில் பறித்த காட்டுக் கீரை மறுநாள் தாங்காது. இன்று எத்தனை பேர், எத்தனை இலை என்று முன்பே தெரிந்தால்தான் பறிக்கப் போக முடியும். அடுத்த பக்கம் குளிர்காலம். பல மாதம் எதுவும் முளைக்காது. அதனால் கோடையில் கிடைப்பதை ஊறவைக்கணும். நோமாவின் நொதித்தல் முறை 2018-ல் புத்தகமாகவே வந்தது. அதில் ப்ளம் பழத்துக்கான கணக்கு எளிமை: 1 கிலோ பழத்துக்கு 20 கிராம் உப்பு, காற்றுப் புகாமல், 28 டிகிரியில் சில நாட்கள். நம்ம வீட்டு ஊறுகாயைவிட உப்பு ரொம்பக் குறைவு. அதனால்தான் நல்ல பாக்டீரியா வேலை செய்து புளிக்கவைக்கிறது. ஆகஸ்டில் ஊறவைத்தது பிப்ரவரியில் யாருடைய தட்டுக்கோ வரும். ஆளாளுக்கு ஓர் ஆர்டர் கொடுத்தால் இந்தக் கணக்கு நடக்காது.

பொருள் மலிவு. களை, பாசி, எறும்பு, பழுக்காத காய். விலை முழுக்கக் கைக்குத்தான். அந்தக் கைகள் யாருடையவை என்ற கேள்வியைச் சாப்பிடுபவர்கள் ரொம்ப நாள் கேட்கவில்லை.

நோமா 2010-ல் 'உலகின் 50 சிறந்த உணவகங்கள்' பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2011, 2012, 2014, 2021 என்று மேலும் நான்கு தடவை. அந்தப் பெயருக்காக உலகம் முழுவதிலும் இருந்து இளைஞர்கள் சம்பளம் இல்லாமல் பயிற்சிக்கு வந்து குவிந்தார்கள், ஒரு நேரத்தில் முப்பது பேர் வரை. இலை கிள்ளுவது, காய் ஆய்வது, இடுக்கி வேலை. உலர்த்திய பழக்கூழில் வண்டு மாதிரி வடிவம் வெட்டி ஒட்டுவதே மூன்று மாத வேலையாக இருந்தது என்று ஒரு பயிற்சியாளர் பத்திரிகையில் சொன்னார். மொத்தம் 120 வண்டு, ஒரு பெட்டிக்கு ஒன்று. அவர் அங்கே கற்றுக்கொண்டது என்ன என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் துறையிலும் இலவச இன்டர்ன்ஷிப் உண்டு. 'அனுபவம் கிடைக்கும்' என்ற அதே வசனம்தான்.

2022 அக்டோபரில் நோமா பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் தர ஆரம்பித்தது. மாதச் செலவு குறைந்தது 50,000 டாலர் கூடியதாகச் செய்தி வந்தது. சில மாதம் கழித்து, 2023 ஜனவரியில், வழக்கமான உணவகமாக நடத்துவதை நிறுத்தப்போவதாக ரெட்ஸெபி அறிவித்தார். இந்த மாதிரி நுணுக்கச் சமையலை நியாயமான சம்பளம் கொடுத்து நடத்தக் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அப்போதே ஒரு ஆளுக்குச் சுமார் 500 டாலர், அதாவது நம் நாற்பதாயிரம்.

அதாவது, அந்த நாற்பதாயிரமும் முழு விலை இல்லை. இருபது தட்டுகளில் சிலவற்றின் காசை யாரோ ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனோ பெண்ணோ, ஊரில் இருந்து அப்பா அனுப்பிய பணத்தில் வாடகை கட்டிக்கொண்டு, செலுத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது யாராவது அந்தப் பக்கம் சாப்பிடப் போகிறேன் என்று சொன்னால், எறும்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முன்பதிவு செய்வதற்கு முன்னால், பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் உண்டா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்க என்கிறேன்.