கற்பிக்கக் கற்போர்

வயது வந்தோர்க்குக் கற்பிக்கும் கலைக்கு, ஜெர்மானிய ஆசிரியர் அலெக்சாண்டர் காப் 1833இல் 'ஆண்ட்ரகாஜி' எனப் பெயரிட்டார். அதனைப் பின்னர் விரித்துரைத்தவர் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ். வளர்ந்தோர் வாழ்க்கை அனுபவத்தோடு வருபவர். தேவையை உணர்ந்தே கற்பர் என்பது அவர் கொள்கை.

முதியோர் கல்வியில் முதுகலைப் பட்டத்துக்கு இன்று வீட்டிலிருந்தே இணையவழியிற் பயிலலாம். சேர்ந்தவுடன் செய்யத்தக்கது யாது? பாடத்திட்டம் முழுவதையும் படித்து, ஒப்படைப்பு நாள்களைக் குறித்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குக. ஏனெனில், அங்கே மணியடிப்பாரும் இல்லை, கண்டிப்பாரும் இல்லை.

பள்ளி மணிக்கே பழகிய யான், ஓய்வு பெற்றபின் இப்படிப்பிற் சேர்ந்து, முதல் ஒப்படைப்பையே தவறவிட்டேன். நாணத்தால் சில நாள் பாடத்தின் பக்கமே செல்லவில்லை. இரவுப் பள்ளிக்கு ஒருநாள் வந்து, மறுநாள் வாராது நின்ற உழவரின் உள்ளம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. தாம் தடுமாறிய இடத்தை மறவாதவரே பிறர்க்கு நல்லாசிரியர் ஆவர்.