கோணல் பனங்கையும் நேர் ஓடும்



நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு சீமை ஓடு போட்ட சில வீடுகள் முதல் மழையிலேயே ஒழுகும். உடனே எல்லாரும் ஓட்டைத்தான் திட்டுவார்கள். பல வீடுகளில் கோளாறு ஓட்டில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் மரங்களின் இடைவெளியில் இருக்கிறது. எங்கள் ஆச்சி வீட்டுக் கூரையை மாற்றியபோது ஆசாரி மாமாவிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முகட்டிலிருந்து சுவர் வரை சரிவாக இறங்கும் மரம் கைமரம். பனையில் செய்தால் பனங்கை. அதன் மேல் குறுக்கே அடிக்கும் மெல்லிய சட்டம் ரீப்பர். ஓடு உட்காருவது ரீப்பர் மேல்தான். பனைமரம் அடியில் பருமன், நுனியில் ஒல்லி. பிளந்தால் ஒன்று நேராக வரும், இன்னொன்று வில் மாதிரி வளைந்து வரும். கிடைத்ததைக் கண்ணளவில் வைத்துக் கட்டினார்கள். அது குற்றம் இல்லை. நாட்டு ஓடு சின்னது, நெருக்கமாக அடுக்குவது. மேடு பள்ளத்தை அதுவே விழுங்கிவிடும்.

சீமை ஓடு அப்படி விட்டுக்கொடுக்காது. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்து அச்சில் செய்ய ஆரம்பித்த ஓடு இது. எல்லாம் ஒரே அளவு. நீளம் சுமார் 41 செ.மீ. அடியில் மூக்கு மாதிரி இரண்டு புடைப்பு இருக்கும். அது ரீப்பரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஓட்டின் பள்ளத்தில் அடுத்த ஓட்டின் விளிம்பு சரியாக உட்கார்ந்தால்தான் தண்ணீர் உள்ளே வராது.

ஆச்சி வீட்டில் பனங்கைகளுக்கு நடுவே ஓரிடத்தில் ஒன்றே முக்கால் அடி, ஓரிடத்தில் இரண்டு அடி, அடுப்படிக்கு மேலே மட்டும் மூன்றரை அடி! இரண்டடி இடைவெளியில் ஒரு ரீப்பர் மூன்று ஓட்டைத் தாங்கினால் மூன்றரை அடியில் ஐந்து ஓட்டைத் தாங்க வேண்டும். ஒரு ஓடே இரண்டு கிலோவுக்கு மேல். எங்கள் அறிவியல் சாரிடம் கேட்டேன். இடைவெளி இரண்டு மடங்கானால் அதே சட்டம் தொய்வது 16 மடங்கு ஆகுமாம். தொய்ந்த இடத்தில் ஓடு வாய் பிளக்கும், அதுதான் ஒழுகல்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு இரும்புக் குழாய் போட்ருங்க" என்று ஒருவர் யோசனை சொன்னார். அவ்வளவு பணத்துக்கு ஆச்சி எங்கே போவாள்? "ஆசாரியாரே, எங்க வீட்டுக்காரர் வெட்டிப்போட்ட பனை. ஒண்ணும் உளுத்துப் போகல. கழட்டாதீங்க" என்றாள். மாமா ஒவ்வொன்றையும் உளியால் தட்டிப் பார்த்துவிட்டு, "மரம் கெட்டி. இடைவெளிதான் கோளாறு. அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மூன்றரை அடி இடைவெளியில் முகட்டிலிருந்து சுவர் வரை புதிதாக ஒரு கைமரம் கொடுத்தார். அந்த ஒன்று மட்டும்தான் புது மரச் செலவு. ரீப்பரை ஒரே நீளமாக அறுக்கவில்லை. ஒரு நீளக் குச்சியைப் பனங்கைகளின் குறுக்கே வைத்து, ஒவ்வொன்றும் நிஜமாக எங்கே இருக்கிறதோ அங்கே கோடு போட்டுக்கொண்டார். ஒரு ரீப்பர் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் மூட்டு பனங்கை மேலேயே விழ வேண்டும், அந்தரத்தில் விழக்கூடாது. எல்லா வரிசை மூட்டும் ஒரே பனங்கையில் விழாமல் மாற்றி மாற்றி வைத்தார்.

பிறகு நூல் பிடித்தார். எனக்குப் பிடித்த வேலை இதுதான். இரண்டு ஓரத்திலும் நூலைக் கட்டினால் எது மேடு, எது பள்ளம் என்று பளிச்சென்று தெரிந்துவிடும். பள்ளமான இடத்தில் ரீப்பருக்கு அடியில் மரத்துண்டு வைத்து ஆணி அடித்தார். அட்டையோ ஓட்டுச்சில்லோ வைத்தால் நாளடைவில் நழுவிவிடும். மேடான இடத்தில் லேசாகத்தான் செதுக்கலாம். பனைக்கு வைரம் வெளிப்பக்கம்தான் இருக்கிறது, நடுவில் வெறும் சோறு.

ரீப்பருக்கும் ரீப்பருக்கும் பொதுவாக 32 செ.மீ. வரும். மாமா அந்தக் கணக்கையும் அப்படியே நம்பவில்லை. வந்து இறங்கிய ஓட்டிலேயே இரண்டு வரிசையைத் தரையில் கோத்துப் பார்த்து, அந்த அளவுக்கு ஒரு குச்சி நறுக்கிக்கொண்டார். முகட்டில் மிச்சம் வந்த நாலு விரல் அளவை, கீழே இறவாணத்தில் ஓடு வெளியே நீட்டும் அளவில் சரிக்கட்டினார். கடைசி ரீப்பர் மட்டும் மற்றதைவிடத் தடிமன். அந்த ஓட்டுக்கு முட்டுக்கொடுக்க அதற்குக் கீழே வேறு ஓடு இல்லையே!

உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால் பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டுக்கு நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிகிற இடத்துக்கு நேர் கீழே, இரண்டு பனங்கைக்கு நடுவே எத்தனை அடி என்று முதலில் அளந்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.