ஒட்டுப் போட்ட சிறகு

கடலுக்குச் சென்று மீளும் கல்முனைத் தொழிலாளர், கரை சேர்ந்ததும் படகு எஞ்சினை நன்னீர் ஊற்றிக் கழுவுவதுண்டு. "நன்றாகத்தானே ஓடிற்று, இன்றைக்குக் கழுவாவிட்டால் என்ன?" என்று அவர்கள் எண்ணுவதில்லை. உப்பு ஓசையின்றித் தின்னும் என்பது அனுபவம் அவர்களுக்குக் கற்பித்த பாடம்.

இதே பாடத்தைப் புகட்டும் வேறொரு பொருளும் உண்டு. தரையில் நின்றவாறே வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரி விமானமே அது. வெறும் விளையாட்டுப் பண்டமென்று அதனை ஒதுக்குவோர் உளர். ஆயினும், ஒரு பொருளை வாங்குவதற்கும் அதனைக் காப்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை அதைப்போல் உணர்த்தும் ஆசான் அரிது.

விழுந்து நொறுங்குவதாலேயே இவ்விமானம் அழிகிறது என்று பலர் கருதுவர். விழுவதற்கான காரணமோ பல வேளைகளில் நெடுநாள் முன்பே உள்ளே குடிபுகுந்திருக்கும். பல்சா என்னும் மென்மரம் மாரிக்கால ஈரத்தை உறிஞ்சினால் சிறகு முறுக்கிக்கொள்ளும். மெதனோல் கலந்த எரிபொருள் காற்றின் ஈரத்தை இழுத்து, எஞ்சினின் உருக்குப் பாகங்களைத் துருவேற்றும். பழைய நிக்கல்-கட்மியம் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பி, மேலுறை பழுதின்றித் தோன்றவே உள்ளே கறுத்துப் போகும். சிறகையும் வாலையும் திருப்பும் சிறு மோட்டார்களின் பற்சில்லுகள் தேயும். இன்றைய லிதியம் மின்கலம் முழு மின்னேற்றத்துடன் மாதக்கணக்கிற் கிடந்தால் வலுவிழக்கும். அது உப்பிவிட்டாலோ, துறப்பதே அறிவு.

பழுது பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. முறிந்த வாலிற் பசையை வாரிப் பூசி, மேலே வண்ணத்தாள் ஒட்டினால் கண்ணுக்கு அழகாயிருக்கும். ஆனால் வாலிற் கூடிய பாரம் விமானத்தின் சமநிலைப் புள்ளியைப் பின்னே தள்ளிவிடும். வாற்பகுதி நீண்டது, மூக்கோ குறுகியது. ஆகவே வாலிற் சேர்ந்த 10 கிராமை ஈடுசெய்ய மூக்கில் அதனினும் மிகுந்த எடை வேண்டும். இதைப் பாராது பறக்க விட்டால் விமானம் கைக்கு அடங்காது. ஒட்டுப் போடுவது பிழையன்று. ஒட்டை மறைப்பதே பிழை. நல்ல கைவினைஞன் உறையைப் பிரித்து, முறிவு எங்கே முடிகிறதென்று கண்ட பின்னரே பசையைத் தொடுவான்.

இத்தகைய பொறுமைக்கு அமெரிக்கரான மேனார்ட் ஹில் ஒரு சான்று. கண்ணொளி பெரும்பாலும் மங்கி, செவியும் மந்தமான முதுமையில், தொட்டுத் தடவியே அவர் பல்சா மரத்தில் விமானங்கள் அமைத்தார். அத்திலாந்திக் கடலைக் கடக்கும் நோக்குடன் 2002 ஆம் ஆண்டில் ஏவிய விமானங்கள் கரை சேரவில்லை. மனிதர் சோர்ந்தாரல்லர். 2003 ஆகஸ்ட் 9 ஆம் நாள், அவருக்கு 77 வயதானபோது, 5 கிலோவுக்கும் குறைந்த விமானம் ஒன்று நியூபவுண்ட்லாந்திலிருந்து எழுந்தது. இடைவழியெங்கும் தானியங்கிக் கருவி அதனைச் செலுத்திற்று. 38 மணி 52 நிமிடம் பறந்து, ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் கடந்து, அது அயர்லாந்துக் கரையில் இறங்கியது. அத்தனை நேரமும் ஓர் ஒட்டும் விடவில்லை; ஒரு கம்பியும் அறவில்லை. தோற்ற விமானங்கள் கற்பித்த பாடமன்றோ அந்த வெற்றி!

நம் கரையோரமோ மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை வீடுகள் நெருங்கிய பகுதி. அஸர் தொழுகை முடிந்தால் கடற்கரையில் முதியவரும் சிறுவரும் கூடுவர். அத்தகைய இடத்தில் இவ்விளையாட்டு ஆகாது. ஆளற்ற வெளியில், உரிய அனுமதியுடன், அலை எவ்வளவு தூரம் எட்டுகிறதென்று முதலில் நடந்து சோதித்த பின்னரே விமானத்தை எழுப்புதல் வேண்டும். வானில் ஏவுபவனிடம், கீழே நிற்போரின் உயிர் அமானிதமாகிறது.

பாடசாலை விஞ்ஞான மன்றம் ஒன்று மாதிரி விமானம் வாங்குமாயின், அதனுடன் ஒரு குறிப்பேட்டையும் வாங்கட்டும். விழுந்த நாள், முறிந்த இடம், ஒட்டிய விதம், கூடிய எடை யாவும் அதில் ஏறட்டும். அந்த ஏட்டில் பொய் எழுதக் கூசும் மாணவன், நாளை பாலம் கட்டும்போதும் விரிசலை வண்ணம் பூசி மறைக்கமாட்டான்.