முதலில் பார்க்க வேண்டியது எது?

நீரிழிவு நோயுள்ள முதியவர் ஒருவர் திடீரெனப் பேச்சுக் குழறி, வியர்த்து, நினைவு மங்கினால், பக்கவாதம் என்றே நாம் அஞ்சி மருத்துவமனைக்கு விரைகிறோம். அங்கே செவிலியரோ மூச்சையும் நாடியையும் கவனித்த கையோடு, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கிறார். இது வீண் தாமதமன்று. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது குறைவாகும். மிகவும் தாழ்ந்தால் அது பக்கவாதம் போலவே தோன்றும். அதனை ஒரு நிமிடத்தில் அறியலாம். குளுக்கோஸ் கொடுத்து விரைவில் மாற்றலாம். கவனியாது விட்டால் மூளை பழுதுபடும். ஆகவேதான், "காரணம் பெரும்பாலும் எதுவாக இருக்கும்?" என்பதோடு, "எது விரைவில் உயிரைப் பறிக்கும்? எதனை உடனே நீக்கலாம்?" என்றும் செவிலியர் எண்ணிப் பார்க்கிறார். சர்க்கரை சரியாக இருப்பின், பக்கவாதச் சிகிச்சைக்கான ஏற்பாடு உடனே தொடரும்.

இதில் குடும்பத்தாராகிய நமக்கும் கடமை உண்டு. கடைசியாக உண்டது எப்போது, இன்சுலினோ மாத்திரையோ எடுத்தது எப்போது என்பதைத் தெளிவாகச் சொல்வோம். நோயாளியை நலமாகக் கடைசியாகக் கண்ட நேரத்தையும் சொல்வோம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அந்நேரத்திலிருந்து 4½ மணிக்குள் தருவர். நினைவிழந்தவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுதல் ஆகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.