தலைமடையும் கடைமடையும்: நகர விளையாட்டில் நீரும் கழிவும்

உலு திராம் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு நீரியல் பாடம் அடங்கியுள்ளது. மலாய் மொழியில் ‘உலு’ என்பது ஆற்றின் தலைப்பகுதியையும், ‘ஹிலிர்’ என்பது அதன் கீழ்ப்பகுதியையும் குறிக்கும். தமிழ் உழவர் வழக்கில் இவற்றுக்கு நெருங்கிய சொற்கள் தலைமடை, கடைமடை என்பன. இவ்வேறுபாட்டை மறந்து கட்டப்படும் நகரம் நோயுறும் என்பதை, நம் இளைஞர் விரும்பி ஆடும் கணினி விளையாட்டொன்று தெளிவாகக் காட்டுகிறது.

பின்லாந்து நாட்டு நிறுவனமொன்று உருவாக்கி 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்பதே அவ்விளையாட்டு. அதில் ஆடுபவரே நகரத் தலைவர். அவர் ஆற்றங்கரையில் நீரேற்று நிலையம் ஒன்றையும், கழிவுநீரை ஆற்றில் விடும் குழாய் ஒன்றையும் அமைக்க வேண்டும். நீரோட்டத்தின் திசையை நோக்காமல், கழிவுக்குழாய்க்குக் கீழே நீரேற்று நிலையத்தை வைத்தால், நகரம் தன் கழிவையே பருகும், குடிமக்கள் நோய்வாய்ப்படுவர். நீரைத் தலைப்பகுதியில் எடுத்துக் கழிவைக் கீழ்ப்பகுதியில் விடுவதே முதல் விதி. நகரம் வளர்ந்தபின் சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம். அது மாசில் நூற்றுக்கு 85 பங்கினை நீக்கும்.

இவ்வளவும் நன்று. ஆயினும் விளையாட்டு இரண்டு உண்மைகளை மறைக்கின்றது.

முதலாவது, குழாயின் இயல்பு. விளையாட்டில் ஒரே குழாய் நன்னீரையும் கழிவுநீரையும் சுமக்கும். மேடுபள்ளம் பற்றிய கவலை இல்லை. உண்மையில் இவை இரண்டும் வெவ்வேறு குழாய்கள். குடிநீர் அழுத்தத்தால் செல்வதால் மேட்டிலும் ஏறும். கழிவுநீரோ பெரும்பாலும் சரிவை நம்பியே ஓடும். சரிவு குறைந்தால் கசடு தங்கி அடைக்கும்; பள்ளத்தில் தேங்கினால் விசைப்பொறியால் ஏற்ற வேண்டும். ஆதலால் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது, வீட்டைக் கட்டிவிட்டுக் கழிவுக்குழாயைப் பின்னர் எண்ணுவது பெரும்பிழையாகும்.

இரண்டாவது, வரைபடத்தின் எல்லை. விளையாட்டில் கழிவு எல்லையைக் கடந்ததும் மறைந்துவிடும். அப்பால் ஊர் இல்லை, மக்களும் இல்லர். உண்மையான ஆற்றில் ஒருவரின் கடைமடை மற்றொருவரின் தலைமடை. ஜொகூர் ஆற்றையே காண்போம். ஜொகூர் மக்கள் பருகும் அந்நீரை, 1962ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூரும் 2061ஆம் ஆண்டு வரை எடுத்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலில் அவ்வாற்றில் அம்மோனியா மிகுந்தபோது, சுத்திகரிப்பு நிலையங்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய மாதம் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவு நச்சாவியாக எழுந்து, 111 பள்ளிகளை மூடச்செய்தது. சிலர் கொட்டியது ஆற்றில். பலர் சுவாசித்தது காற்றில்.

விளையாட்டில் தவறினால் பழைய நிலைக்கு மீளலாம். ஆற்றுக்கு அவ்வசதி இல்லை. ஆகவே அதனை ஆடும் இளைஞரிடம் நாம் ஒரு வினாவை எழுப்புவோம்: நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே செல்கிறது, அதற்குக் கீழே யார் வாழ்கின்றனர்? ‘உலு’வில் வாழும் நாம் இவ்வினாவிற்கு முதலில் விடை காணக் கடமைப்பட்டுள்ளோம்.