சட்டகத்துக்குள் சட்டகம்: எண்ணிம ஆவணத் தளங்களில் வார்ப்புருக்களின் மறுபயன்பாடு

எமது சமூகத்தின் பழைய கிதாபுகள், சஞ்சிகைகள், விழா மலர்கள் என்பவற்றை இணையத்தில் ஏற்றிப் பாதுகாக்க வேண்டும் என்ற கருத்து இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. நல்ல விடயம். ஆனால் பேச்சு பெரும்பாலும் ஸ்கேன் பண்ணுவதோடு நின்றுவிடுகிறது. எத்தனை பக்கம் முடிந்தது, எந்தக் கமெரா, எவ்வளவு தெளிவு என்றெல்லாம் கேட்போம். அந்தப் பக்கங்கள் எந்தத் திரையில், எந்தச் சட்டகத்துக்குள் வாசகனுக்குத் தோன்றப் போகின்றன என்று கேட்பவர் குறைவு. அது கொம்பியூட்டர் பொடியன்மார் பார்த்துக்கொள்ளும் வேலை என்று விட்டுவிடுகிறோம். சில வருடங்களாக ஒரு சிறிய நூற்பட்டியல் தளத்தில் தன்னார்வமாக வேலை செய்பவன் என்ற வகையில், அந்தச் சட்டக வேலையைத் துறைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் விளங்கும்படி எழுத நினைத்தேன். ஒரு தளம் பத்து வருடம் உயிரோடு இருக்குமா, இரண்டாம் வருடமே மௌத்தாகுமா என்பதில் இந்த வேலைக்குப் பெரிய பங்குண்டு என்பது என் அபிப்பிராயம்.

முதலில் தளத்தின் உடலமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தளத்தில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. நூற்பட்டியல் ஒன்று. ஸ்கேன் செய்த பக்கங்களைப் புரட்டி வாசிக்கும் வாசிப்பறை ஒன்று. சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளின் சுட்டி ஒன்று. தரவுகளைப் பதிபவர்கள் மட்டும் நுழையும் பதிவறை ஒன்று. இப்படித் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பகுதிகளைத்தான் மொடியூல் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. ஆனால் எல்லாத் திரைக்கும் மேலே ஒரே தலைப்புப் பட்டை, ஒரே மெனு, கீழே ஒரே தொடர்பு விபரம். பதிவறைக்குள்ளே இருக்கும் திரைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பக்கப்பட்டியலும் வேண்டும். வாசிப்பறைத் திரைகளுக்குப் பொதுவாகப் பக்கம் புரட்டும் பொத்தான்கள் வேண்டும். அதாவது எல்லாத் திரைக்கும் பொதுவான ஒரு வட்டம், அதற்குள்ளே ஒரு பகுதிக்கு மட்டும் பொதுவான இன்னொரு வட்டம், அதற்குள்ளேதான் அந்தந்தத் திரைக்குரிய விடயம்.

இதைச் செய்வதற்கு மிக இலகுவான வழி கொப்பி பண்ணுவது. ஒரு திரையை முடித்து, அதையே பிரதி எடுத்து நடுப்பகுதியை மட்டும் மாற்றுவது. நாங்கள் கையேற்ற பழைய தளம், காசு கொடுத்துச் செய்வித்தது, அப்படித்தான் இருந்தது. மெனுவில் ஒரு சொல்லை மாற்ற ஒவ்வொரு கோப்பாகத் திறக்க வேண்டும். ஏதாவது ஒன்று விடுபட்டுவிடும். பட்டியல் பதியும் ஓய்வுபெற்ற ஆசிரியர் சேர் கோல் எடுத்து, "தம்பி, இந்தப் பக்கத்துல மட்டும் பழைய நம்பர் கிடக்குது, ஆக்கள் அதுக்குக் கோல் பண்ணுறாங்க" என்பார். பிரதி என்பது அப்படித்தான். எடுத்த அன்றைக்கு ஒன்றாக இருக்கும், நாள் போகப் போக ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கில் போய்விடும்.

பழைய கையெழுத்துக் கிதாபுகளைக் கையாண்டவர்களுக்கு இதற்கு மாற்று வழியை விளக்குவது இலேசு. அந்தக் காலக் காத்திபுமார் ஒவ்வொரு தாளிலும் கோடு வரைந்துகொண்டிருக்கவில்லை. மிஸ்தரா என்றொரு அட்டை இருந்தது. அதிலே நூல்களை வரிவரியாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். தாளை அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தால் வரிகளின் தடம் பதிந்துவிடும். ஒரு மிஸ்தரா இருந்தால் கிதாபு முழுவதற்கும் ஒரே வரி, ஒரே ஓரம். நடுவிலே மத்ன் எழுதி, சுற்றியுள்ள ஓரத்தில் ஹாஷியா எழுதும் வழக்கமும் தெரிந்ததுதான். எந்த இடம் எதற்கு என்பது எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானமாகியிருக்கும். இணைய வார்ப்புருவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் முக்கியம். மிஸ்தராவை நாளை மாற்றிக் கட்டினாலும் நேற்று பதிந்த தாள் மாறாது. வார்ப்புருவை மாற்றினால், அதை நம்பியிருக்கும் அத்தனை திரைகளும் அந்தக் கணமே மாறும்.

நாங்கள் பாவிப்பது ஜாங்கோ என்ற கட்டமைப்பு. இது பைதன் மொழியில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லோரன்ஸ் ஜேர்னல்-வேர்ல்ட் என்ற பத்திரிகையின் அலுவலகத்தில் ஏட்ரியன் ஹொலவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் தொடங்கி, 2005 ஜூலையில் பொதுப் பாவனைக்கு விடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிற்றார் கலைஞரின் பெயரைத்தான் வைத்தார்கள். பத்திரிகைக் காரியாலயத்தில் பிறந்தது என்பதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். செய்தி ஒரு பக்கம், விளையாட்டு ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பத்திரிகைப் பெயர் என்ற தேவை அங்கே அன்றாடம் இருந்தது.

அதன் கையேடு மூன்று படிகளைப் பரிந்துரைக்கிறது. முதற்படியில் முழுத் தளத்துக்குமான அடித்தளச் சட்டகம். இரண்டாம் படியில் ஒவ்வொரு பகுதிக்குமான சட்டகம். மூன்றாம் படியில் தனித்தனித் திரைகள். அடித்தளச் சட்டகத்திலே சில இடங்களை 'பிளாக்' என்று பெயரிட்டு வெற்றிடமாக விடுவோம். பகுதிச் சட்டகம் தன் முதல் வரியிலேயே 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற கட்டளையால் "நான் இன்ன சட்டகத்தின் பிள்ளை" என்று சொல்லிவிட வேண்டும். பிறகு தனக்குத் தேவையான வெற்றிடத்தை மட்டும் நிரப்பலாம். நிரப்பாததெல்லாம் தாயில் உள்ளபடியே வரும். இதை மரபுரிமை என்கிறார்கள். எங்கள் மீராஸ் சட்டத்தில் உடையவர் மௌத்தான பிறகுதான் பங்கு. இங்கே தாய் உயிரோடு இருக்கும்போதே முழுச்சொத்தும் பிள்ளைக்கு உண்டு, தாய் நாளைக்குச் சேலை மாற்றினால் பிள்ளையும் மாற்றும்.

பகுதிச் சட்டகம் தாயின் வெற்றிடத்தை நிரப்பும்போது, அதற்குள்ளேயே புதிய வெற்றிடங்களைத் திறக்கலாம். அடுக்குக்குள் அடுக்கு என்பது இதுதான். எங்கள் பதிவறைச் சட்டகம் அடித்தளத்தின் 'உள்ளடக்கம்' என்ற இடத்தை எடுத்து, அதற்குள்ளே ஒரு பக்கப்பட்டியலை வைத்து, மிச்சத்துக்குப் 'படிவம்' என்று பெயரிட்டுத் திறந்து விடுகிறது. நூலாசிரியர் பதிவு, பதிப்பாளர் பதிவு, நூற்பதிவு என்ற திரைகள் எல்லாம் 'படிவம்' என்ற இடத்தை மட்டும்தான் தொடுகின்றன.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இருக்கின்றன. மூன்றாம் படித் திரை ஒன்று 'படிவம்' என்பதற்குப் பதிலாக 'உள்ளடக்கம்' என்பதை நிரப்பினால், இடையில் இருந்த பக்கப்பட்டியல் அப்படியே காணாமல் போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. வெற்றிடத்தின் பெயரை ஓர் எழுத்துப் பிசகி எழுதினாலும் அதே கதைதான். எழுதியது எங்கேயும் தோன்றாது, ஜாங்கோ வாயே திறக்காது. வெற்றிடங்களுக்கு வெளியே பிள்ளை எழுதும் எதுவும் திரைக்கு வராது. ஒரு நிபந்தனை போட்டு அதற்குள்ளே வெற்றிடத்தை நிரப்பினால், நிபந்தனை கணக்கிலெடுக்கப்படாது, நிரப்பியது எப்படியும் வந்தே தீரும். நிபந்தனை வெற்றிடத்துக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். தாயில் உள்ளதை அழிக்காமல் அதோடு சேர்த்து ஏதும் எழுத வேண்டுமானால் 'பிளாக் சூப்பர்' என்றொரு சொல் இருக்கிறது. மத்னை வைத்துக்கொண்டு ஷரஹ் எழுதுவது போல.

கோப்புகளை வைக்கும் இடத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நூற்பட்டியலிலும் ஒரு 'பட்டியல்' திரை உண்டு, சஞ்சிகைச் சுட்டியிலும் ஒரு 'பட்டியல்' திரை உண்டு. இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர் வைத்தால், மொடியூல்கள் பதிவாகியுள்ள வரிசையில் எது முதலில் அகப்படுகிறதோ அதைத்தான் ஜாங்கோ எடுக்கும். சஞ்சிகை கேட்டவருக்கு நூல் காட்டும். ஒவ்வொரு மொடியூலின் வார்ப்புருக்களையும் அந்த மொடியூலின் பெயரில் ஒரு போல்டருக்குள் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. லரவெல், ரெயில்ஸ் போன்ற வேறு கட்டமைப்புகளிலும் இதே எண்ணம் வேறு சொற்களில் இருக்கிறது, அவற்றைப் பாவிப்பவர்கள் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும்.

இவ்வளவும் எந்தத் தளத்துக்கும் பொருந்தும். எங்களுக்கென்றே உள்ள பிரச்சினை இனித்தான் வருகிறது. அது அரபுத்தமிழ்.

1882இல் சித்திலெப்பை தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' போன்றவை தமிழ் எழுத்தில் இடமிருந்து வலமாக ஓடுபவை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'பத்ஹுத் தய்யான்' போன்றவை மொழியால் தமிழ், எழுத்தால் அரபு, வலமிருந்து இடமாக ஓடுபவை. இரண்டும் ஒரே வாசிப்பறையில் திறக்க வேண்டும். ஜாங்கோவில் திசையைத் தானாகவே அறிந்து சொல்லும் ஒரு வசதி இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது தளத்தின் இடைமுக மொழியை. அரபு, உருது, பார்ஸி என்றால் வலமிருந்து இடம் என்று சொல்லும். தமிழ் என்றால் இடமிருந்து வலம் என்று முடிவு கட்டிவிடும். மொழி தமிழாகவும் எழுத்து அரபாகவும் இருக்கும் ஒரு நூலை அதற்குத் தெரியாது. அதைச் செய்தவர்கள் மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. எங்கள் நூல்களைத் திரையில் சரியாகக் காட்டும் பொறுப்பு எங்கள் தலையில்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

எனவே திசையை அடித்தளச் சட்டகத்தில் தீர்மானிக்கக் கூடாது. மெனுவும் தலைப்பும் தமிழிலேயே இருக்கட்டும். வாசிப்பறையின் பகுதிச் சட்டகத்தில், நூற்பக்கம் வந்து உட்காரும் பெட்டிக்கு மட்டும் திசையும் மொழிக்குறியும் இட வேண்டும். அந்தத் தகவல் நூற்பதிவிலிருந்தே வர வேண்டும். அதற்காகப் பட்டியலில் 'மொழி' என்று ஒரு கட்டம் இருந்தால் போதாது, 'எழுத்து' என்று இன்னொரு கட்டமும் வேண்டும். சர்வதேச மொழிக்குறி முறையிலும் இதற்கு இடமிருக்கிறது: தமிழுக்குரிய குறியோடு அரபு எழுத்துக்குரிய குறியைச் சேர்த்து 'டிஏ-அரப்' என்று எழுதலாம். சேரிடம் இதை விளக்கியபோது, "அப்ப நாங்க இவ்வளவு நாளும் அரபுத்தமிழ அரபு என்டா பதிஞ்சி வச்சிருக்கம்?" என்று கேட்டார். முன்பு இருந்த படிவத்தில் வேறு வழி இருக்கவில்லை. அப்படிப் பதிந்த நூல் எதுவும், தமிழ் நூல் தேடுபவர் கண்ணில் படாது. திரைச் சட்டகத்தைப் பற்றிய கேள்வி பட்டியலின் திருத்தத்தில் போய் முடிந்தது.

பக்கம் புரட்டும் பொத்தான்களிலும் இதே சிக்கல் இருக்கிறது. தமிழ் நூலில் அடுத்த பக்கம் வலப்புறம், கிதாபில் இடப்புறம். சட்டகத்தின் வெற்றிடங்களுக்கு 'இடது', 'வலது' என்று பெயர் வைத்திருந்தால் கிதாபு திறக்கும்போது எல்லாம் தலைகீழ். 'முந்திய பக்கம்', 'அடுத்த பக்கம்' என்று வேலையை வைத்துப் பெயரிட்டால் எந்தப் பக்கம் நிற்பது என்பதை நூலின் திசை பார்த்துக்கொள்ளும். ஓரங்களின் அளவைக் குறிக்கும் நடைத்தாளிலும் இப்போது 'இடது ஓரம்' என்பதற்குப் பதிலாக வரியின் 'தொடக்க ஓரம்', 'முடிவு ஓரம்' என்று எழுத முடியும். திசை மாறினால் ஓரமும் தானாக மாறும். ஒரே சட்டகம் இரண்டு வகை நூலுக்கும் போதும்.

இன்னும் நுண்ணிய இடம், தமிழ்க் கட்டுரைக்குள் ஓர் ஆயத்தோ துஆவோ வருவது. அரபு எழுத்துகள் தாமாகவே வலமிருந்து ஓடும், அதில் சிக்கலில்லை. பக்கத்திலே அடைப்புக்குறியும் வசன எண்ணும் வந்தால்தான் அவை இடம்மாறிப் போய் நிற்கும். ஆயத்தின் எண் அடுத்த ஆயத்தோடு ஒட்டிக்கொண்டதைப் போலத் தோன்றும். குர்ஆன் வசனத்தில் இப்படி நடக்க விடலாமா? அதனால் அரபு மேற்கோளுக்கென்று ஒரு சின்ன வார்ப்புரு செய்து, திசை, மொழிக்குறி, எழுத்துரு மூன்றையும் அதற்குள் அடைத்து வைத்திருக்கிறோம். இது மரபுரிமை அல்ல. 'இன்க்ளூட்' என்ற கட்டளையால் தேவையான இடத்தில் செருகிக்கொள்ளும் துண்டு. வீட்டின் சுவர் ஒன்று, வீட்டுக்குள் தூக்கி வைக்கும் அலுமாரி இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றையும் துண்டுகளாகச் செருகிக் கட்டிய தளங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எந்தத் திரையின் முழு உருவம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும்.

அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால், எனது அனுபவத்தில் மூன்று போதும். நாலாவது அடுக்கு வந்தால், ஒரு பொத்தான் எங்கிருந்து வருகிறது என்று தேட நாலு கோப்பு திறக்க வேண்டும். எங்களைப் போன்ற இடங்களில் இது சின்ன விடயமில்லை. தளத்தைக் கட்டிய பொடியன் படிப்பு முடிந்ததும் கட்டாருக்கோ துபாய்க்கோ போய்விடுவான். பிறகு வருபவன் இரவு வேலைக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தில் இதையெல்லாம் விளங்கிக்கொள்ள வேண்டும். வெற்றிடங்களின் பெயர்களையும், எந்தப் பெயரை எந்தப் படி நிரப்பலாம் என்பதையும் அடித்தளக் கோப்பின் தலையிலேயே தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். அது திரையில் வராத குறிப்பு, எழுத அரை மணித்தியாலம் எடுத்தது.

பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ நூலகத்துக்கோ தளம் செய்விக்கும் நிர்வாகத்தினர் இதையெல்லாம் படிக்க வேண்டியதில்லை. கடைசித் தவணைக் காசைக் கொடுக்க முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். செய்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாத் திரைகளின் கீழும் உள்ள தொலைபேசி இலக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். அவர் எத்தனை கோப்புத் திறக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு வார்ப்புருக் கோப்புகள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்கி, காரியதரிசியின் அலுமாரியில் வையுங்கள்.